சிங்கராஜ வனத்தில் நடைப்பயணம்

சிங்கராஜ வனம் இலங்கையின் தென்மேற்கில் அமைந்துள்ள தாழ்நில மழைக்காடு ஆகும். இது 1988 இல் யுனெசுக்கோவால் உலக மரபுரிமைக் களமாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள மரங்களில் 60 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை இலங்கைக்கே உரியன. யால தேசியப் பூங்காவில் வாகனத்தில் இருந்தபடியே விலங்குகளைக் காணலாம். இங்கு வழிகாட்டியுடன் நடந்தே செல்ல வேண்டும். பயணிகள் பலர் குடாவ அல்லது தெனியாயப் பகுதியில் தங்கி, அதிகாலையில் காட்டினுள் செல்கின்றனர்.

குடாவ வாயிலிலிருந்து செல்லும் பாதை, 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரம் வெட்டியபோது அமைக்கப்பட்டதாகும். மக்களின் எதிர்ப்பினால் 1977 இல் மரவெட்டு நிறுத்தப்பட்டது. எனவே நடப்போர் முதலில் காண்பது, வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த காட்டையே.

கலப்புப் பறவைக் கூட்டங்கள்

சிறுத்தை இங்கு வாழ்ந்தாலும் அதனைக் கண்டவர் மிகச் சிலரே. இக்காட்டின் சிறப்பு, பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து இரை தேடும் கூட்டங்கள் ஆகும். ஒரு கூட்டத்தில் சராசரியாக 12 இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 40 பறவைகள் இருக்கும். செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள் எண்ணிக்கையில் மிகுதி. கொண்டைக் கரிச்சான், வல்லூறு போன்ற பகைப்பறவையைக் கண்டால் குரலெழுப்பும். அவ்வெச்சரிக்கை ஏனைய பறவைகளுக்கும் பயன்படுகின்றது. செம்முகப் பூங்குயிலையும் இக்கூட்டங்களில் காணலாம். இவற்றைத் துரத்திச் செல்வதால் பயனில்லை. ஓரிடத்தில் அசையாது நின்றால், சிலம்பன்களின் ஓயாத கீச்சொலி முதலில் கேட்கும். கூட்டம் சில நிமிடங்களில் கடந்துவிடும்.

அதுவரை அறிவியலுக்குத் தெரியாதிருந்த ஒரு சிறு ஆந்தையினத்தை 2001 இல் இவ்வனத்தில் தீபால் வரக்காகொட நேரில் கண்டார். 2004 இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது.

ஆண்டுதோறும் 3000 மி.மீ.க்கும் அதிகமாக மழை பெய்வதால் அட்டைகள் மிகுதி. முழங்கால்வரை நீளும் அட்டைக் காலுறை அணிவது நன்று. மழை குறைந்த சனவரி முதல் மார்ச் வரையிலான காலம் நடப்பதற்கு ஏற்றது.