அடிப்படை இயக்கத் திறன்கள்

ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்று எல்லா விளையாட்டுகளுக்கும் அடித்தளமாக அமையும் உடலசைவுகள் அடிப்படை இயக்கத் திறன்கள் எனப்படும். இவை பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் உருப்பெறுகின்றன. வயது ஏற ஏறத் தாமாகவே வந்துவிடும் என்று பலர் நம்புவது சரியல்ல. தொடக்கநிலை அசைவுகள் இயல்பாக வந்தாலும், அவை செம்மைப்படப் பயிற்சியும் வழிகாட்டலும் வேண்டும்.

வகைகள்

இத்திறன்கள் மூன்று வகைப்படும். ஓட்டம், குதித்தல், நொண்டியடித்தல் ஆகியவை இடம்பெயர் திறன்கள். எறிதல், பிடித்தல், உதைத்தல், மட்டையால் அடித்தல் ஆகியவை பொருள் கையாளும் திறன்கள். ஒற்றைக் காலில் நிற்றல், வளைதல், திரும்புதல் ஆகியவை நிலைப்புத் திறன்கள். பாண்டி ஆட்டத்தில் மூன்றும் கலந்துள்ளன. சில்லைக் கட்டத்துக்குள் எறிந்து, நொண்டியடித்துத் தாண்டி, ஒற்றைக் காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்க வேண்டும்.

பின்தங்கும் காரணம்

விளையாட இடமின்மை, திரை முன் கழியும் நேரம், அடிபடும் என்ற பெற்றோரின் அச்சம் ஆகியவை வாய்ப்பைக் குறைக்கின்றன. பந்தைப் பிடிக்கத் தெரியாத குழந்தையை யாரும் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. ஆடாததால் திறனும் வளர்வதில்லை. இயக்கத் திறனும் உடலியக்கமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன, வயதுடன் இந்தப் பிணைப்பு வலுக்கிறது என்ற கருத்தை டேவிட் ஸ்டாடனும் சக ஆய்வாளர்களும் 2008இல் முன்வைத்தனர். எனவே பின்தங்கிய குழந்தைக்குச் சீக்கிரம் உதவுவது முக்கியம்.

கற்பிக்கும் முறை

இயக்கம் என்பது குழந்தை, செயல், சூழல் ஆகிய மூன்றையும் சார்ந்தது என்று கார்ல் நியூவெல் 1986இல் விளக்கினார். இவற்றுள் செயலையும் சூழலையும் ஆசிரியர் உடனே மாற்ற முடியும். பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைகளால் மார்போடு அணைக்கும் குழந்தைக்கு முதலில் பலூன் தரலாம். மெதுவாக இறங்கும் பலூனைக் கண்ணால் தொடர நேரம் கிடைக்கும். அடுத்து பெரிய மென்பந்து, பின்னர் டென்னிஸ் பந்து என்று முன்னேறலாம்.

எறியும்போது வலக்கைப் பழக்கமுள்ள குழந்தை இடது காலை முன்வைக்க வேண்டும். கால் வைக்கும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, குறியைப் பற்றிக் கவலைப்படாமல் சுவரை நோக்கி வேகமாக எறியச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு மட்டும் போதும். ஆளுக்கொரு பந்து இருந்தால் வரிசையில் காத்திருக்கும் நேரம் குறையும். தோற்றவர் வெளியேறும் ஆட்டங்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் பயிற்சி அதிகம் தேவைப்படும் குழந்தையே முதலில் உட்கார நேர்கிறது.

மதிப்பீடு

டேல் உல்ரிச் 1985இல் உருவாக்கிய சோதனை, 3 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கு உலகெங்கும் பயன்படுகிறது. பந்து எவ்வளவு தூரம் சென்றது என்று பார்க்காமல், உடல் எப்படி அசைந்தது என்பதையே அது மதிப்பிடுகிறது.

பள்ளி வயதுக் குழந்தைகளில் சுமார் 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு காணப்படுகிறது. இதன் அறிகுறிகளான அடிக்கடி தடுக்கி விழுவது, பொத்தான் போடவும் ஷூ கயிறு கட்டவும் திணறுவது ஆகியவை நீடித்தால் குழந்தை மருத்துவரை அணுக வேண்டும். இதைச் சோம்பல் என்று கண்டிப்பது குழந்தைக்கு இழைக்கும் அநீதி.

தேவையான நேரம்

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். அதில் 60 நிமிடமாவது மிதமானதாகவோ தீவிரமானதாகவோ இருக்க வேண்டும். 5 முதல் 17 வயதினருக்கு, மிதமானது முதல் தீவிரமானது வரையிலான இயக்கம் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் தேவை என்கிறது 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வீட்டில் விளையாட வழியில்லாத குழந்தைக்குப் பள்ளியின் உடற்கல்விப் பாடவேளையே முதன்மையான வாய்ப்பு. அதை வேறு பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளாமல் காப்பது பள்ளியின் கடமை.