ஆமை வளர்த்த ஆசான்

ஆற்றல் பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா என்னும் வழக்கு ஆசிரியர் கூடும் இடங்களிலெல்லாம் எழுவதாகும். அவ்வழக்கைத் தம் சொந்தப் பணத்தைப் பணயமாக வைத்து ஆராயத் துணிந்தவர் ஒருவர் உண்டு. அவர் பள்ளி ஆசிரியர் அல்லர். அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் சோயா அவரையும் மக்காச்சோளமும் விலைபேசிப் பெருஞ்செல்வம் ஈட்டிய ரிச்சர்ட் டென்னிஸ் என்னும் வணிகர். 1983ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தொடங்கிய சிறு வகுப்பு கல்வி வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆயினும், கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் அறியத்தக்க செய்திகள் அதன்கண் பல உள.

முன்பேரச் சந்தை என்பது பின்னொரு நாளில் கைமாறவேண்டிய பண்டத்திற்கு இன்றே விலை பேசும் இடம். அங்கே மழையையும் விளைச்சலையும் ஏற்றுமதியையும் ஆராய்ந்து வாங்குவோர் ஒருசாரார். இவையெல்லாம் விலையிலேயே அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே விலையின் ஓட்டத்தை மட்டும் படித்தறிந்தால் போதும் என்போர் மற்றொரு சாரார். இப்பின்னவர்க்கு வேதம் போல் விளங்கியது எட்வர்ட்ஸ், மகீ என்னும் இருவர் 1948இல் வெளியிட்ட பெருநூல். பங்குவிலைகளின் போக்கை ஆராயும் அந்நூலில் பக்கத்திற்குப் பக்கம் வரைபடங்கள். முக்கோணம் என்றும், தலையும் தோள்களும் என்றும் விலைக்கோடுகள் காட்டும் வடிவங்களுக்கு அவர்கள் பெயரிட்டனர். புறவுலகின் ஓசை தம் கணிப்பைக் கெடுத்துவிடும் என்றஞ்சி, மகீ தம் அலுவலகச் சாளரத்தையும் பலகையால் அடைத்துவிட்டார் என்பர்.

அந்நூலைக் கற்பது எளிதன்று. மொழியால் வந்த கடுமை சிறிதே; பொருளால் வந்த கடுமையே பெரிது. நடந்து முடிந்த விலையோட்டத்தை வரைபடத்தில் காணும்போது வடிவம் தெளிவாகத் தெரியும். அதே வடிவம் கண்முன்னே உருவாகிக்கொண்டிருக்கும்போது, அஃது அதுதானா என்று எவராலும் உறுதி கூற இயலாது. நூலைப் பத்துமுறை படித்தவனும் பணத்தை வைக்கவேண்டிய நொடியில் கைநடுங்கி நிற்பான். நீச்சலைப் பற்றிய நூலைக் கரையிலிருந்து படித்தவன் நிலைதான் அது.

டென்னிஸ் 1949இல் சிக்காகோவில் பிறந்தவர். பதினேழு வயதிலேயே சந்தையில் ஏவலாளாகச் சேர்ந்தார். படிகளோடு கூடிய வட்டக்குழியில் நின்று உரக்கக் கூவி விலைபேசுவது அக்காலச் சந்தையின் வழக்கம். இருபத்தொரு வயது நிரம்பாதவர் அக்குழியில் இறங்கலாகாது. எனவே மகன் வெளியே நின்று குறிப்புக் காட்ட, நகராட்சி ஊழியரான தந்தை உள்ளே நின்று விலைபேசினார். குடும்பத்தாரிடம் கடனாகப் பெற்ற 1,600 டாலரில் 1,200 டாலர் சிறிய சந்தை ஒன்றில் இடம் வாங்குவதற்கே போயிற்று. எஞ்சிய 400 டாலரே அவர்தம் முதல். அது பத்தாண்டிற்குச் சற்று மிகுந்த காலத்தில் கோடிக்கணக்கில் பெருகியது.

அவருடைய பள்ளித் தோழர் வில்லியம் எக்ஹார்ட், கணிதத் தருக்கவியலில் முனைவர்ப் பட்டத்திற்கு ஆய்வு செய்து, அதனை முடிக்காமல் வணிகத்திற்கு வந்தவர். வெல்லும் வணிகனிடம் சொல்லிக்கொடுக்க இயலாத ஏதோ ஒன்று உண்டு என்பது எக்ஹார்ட்டின் கட்சி. எல்லாவற்றையும் விதிகளாக்கிக் கற்பிக்கலாம் என்பது டென்னிஸின் கட்சி. வாதம் முடிவுறாமையால் பந்தயம் கட்டினர். சிங்கப்பூரில் ஆமைப் பண்ணை ஒன்றைக் கண்டு திரும்பியிருந்த டென்னிஸ், அங்கே ஆமை வளர்ப்பதைப்போல் தாமும் வணிகர்களை வளர்க்கப்போவதாகக் கூறினார். அம்மாணாக்கர்க்கு ஆமைகள் என்ற பெயரே நிலைத்துவிட்டது. நம் வட்டாரத்துப் பண்ணையொன்று உலக வணிக வரலாற்றில் இவ்வாறு இடம்பெற்றது வியப்புக்குரியதே.

நாளிதழ்களில் விளம்பரம் வந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் விண்ணப்பித்தனர். எழுத்துத் தேர்வும் நேர்முகமும் கடந்து முதல் வகுப்பிற்குப் பதின்மூவர் அளவில் அமைந்தனர். கணக்காளரும் சீட்டாட்டத்தில் தேர்ந்தவரும் விளையாட்டு வடிவமைப்பாளரும் அவர்களுள் இருந்தனர். வகுப்பு நடந்தது இரண்டே வாரம்.

கற்பித்த பொருள் வியப்பளிக்கும் அளவிற்கு எளியது. கடந்த 20 நாளில் இல்லாத உச்சத்தை விலை தாண்டினால் வாங்குக. 20 நாளில் இல்லாத தாழ்வுக்கு இறங்கினால் விற்க. நீண்ட ஓட்டத்தைப் பிடிக்க விரும்புவோர்க்கு 55 நாள் கணக்கு. இவ்விதி டென்னிஸின் கண்டுபிடிப்பும் அன்று. ரிச்சர்ட் டான்சியன் என்பார் முன்னரே பரப்பிய நான்கு வார விதியின் வழிவந்தது. வகுப்பின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது. ஒரு பண்டத்தின் விலை நாளொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு அசைகிறது என்று கணித்து, அவ்வளவு அசைவு தம் முதலில் நூற்றில் ஒரு பங்கிற்கு ஒப்பாகுமாறு வாங்கும் அளவை வகுக்கவேண்டும். அவ்வசைவைப்போல் இருமடங்கு விலை எதிர்த்திசையில் சென்றால், மறுபேச்சின்றி நட்டத்தோடு வெளியேறவேண்டும். முதல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வணிகத்தின் அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளவேண்டும். எவ்வாறு வெல்வது என்பதினும் எவ்வாறு அழியாமல் இருப்பது என்பதே அங்கு மிகுதியாகப் பேசப்பட்டது.

வாங்கியவற்றுள் பெரும்பாலானவை சிறு நட்டத்தில் முடியும். அரிதாக வரும் பேரோட்டம் ஒன்றே எல்லா நட்டத்தையும் ஈடுசெய்யும். ஆகவே அவ்வோர் ஓட்டத்தைத் தவறவிட்ட மாணாக்கனுக்கு ஆண்டு முழுவதும் வீண். இதனை விதியாக எழுதிவிடலாம். தொடர்ந்து ஏழெட்டு முறை தோற்றபின், ஒன்பதாம் முறையும் அதே விதிப்படி வாங்கும் நெஞ்சுரத்தை எழுத்தால் தர இயலுமா?

1984 சனவரியில் மாணாக்கர்க்குச் சிறு தொகை கொடுத்து ஒரு மாதம் சோதனையாக வணிகம் செய்யவிட்டார் டென்னிஸ். அம்மாதத்தில் வெப்பமூட்டும் எண்ணெயின் விலை ஏறியது. ஒரே ஆசான், ஒரே பாடம், ஒரே விதி. ஆயினும் விதி அனுமதித்த முழு அளவையும் வாங்கியவர் வகுப்பிலேயே இளையவரான கர்டிஸ் பெய்த் ஒருவரே என்று, 2007இல் வெளிவந்த தம் நூலில் அவர் கூறுகிறார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. மற்றவர்கள் அஞ்சிக் குறைத்து வாங்கினர். மாத முடிவில் மிகுந்த தொகையாக இருபது இலட்சம் டாலர் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நன்னூலார் மாணாக்கரை அன்னம் என்றும் கிளி என்றும் மண் என்றும் வகுத்தது இவ்விடத்தில் நினைவிற்கு வரும். இவ்வகுப்பிற்கு வேண்டியிருந்தவன், கற்றதை மாற்றாமல் செய்யும் கிளியே! தன்னறிவைக் கலந்து விதியைத் திருத்த முற்பட்ட அறிவாளிகளே இடர்ப்பட்டனர். பள்ளி வகுப்பறைக்கு இவ்வளவுகோல் பொருந்தாது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

நான்கைந்து ஆண்டுகளில் மாணாக்கர் ஈட்டியது 17 கோடி டாலருக்கு மேல் என்பர். வணிகத்தைக் கற்பிக்க இயலும் என்பதை எக்ஹார்ட்டும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனால் தீர்ப்பு அத்துணை எளிதாக முடிந்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. ஆயிரவரில் பதின்மூவரைப் பொறுக்கியெடுத்த பின்னரே பாடம் தொடங்கியது. தேர்ந்தவருள்ளும் சிலர் இடையிலேயே விலக்கப்பட்டனர். வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகள் அனைவரையும் ஏற்றுக்கொண்டு கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இப்பந்தயத்தின் முடிவைச் சற்று ஐயத்தோடு நோக்குவதில் தவறில்லை. பயிற்சியின் வெற்றி எவ்வளவு, தேர்வின் வெற்றி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட டென்னிஸால் இயலவில்லை.

ஆசானின் கதையும் நேர்கோடாகச் செல்லவில்லை. 1987 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்ததை அடுத்து, அவர் பொறுப்பில் பிறர் ஒப்படைத்திருந்த நிதிகள் ஏறத்தாழப் பாதியளவு கரைந்தன. 1988இல் அவர் விலகினார். ஆமை வகுப்பும் அத்துடன் முடிவுற்றது. பின்னர் மீண்டும் வந்து, 2000இல் மறுபடியும் நட்டத்தால் மூடினார். அவரிடம் கற்ற ஜெரி பார்க்கர், லிஸ் செவால் போன்றோர் 1988இல் தனி நிறுவனங்களைத் தொடங்கி, பிறர் பணத்தைப் பல்லாண்டுக் காலம் நிருவகித்தனர்.

விதிகளை வெளியிடுவதில்லை என்று மாணாக்கர் பத்தாண்டிற்கு உறுதியளித்திருந்தனர். 2003இல் அவை முழுமையாக இலவசமாகவே வெளியிடப்பட்டன. அவற்றைச் செய்தித்தாளில் அச்சிட்டாலும் பின்பற்றுவார் இரார் என்னும் கருத்தை, டென்னிஸ் 1989இல் வெளிவந்த ஒரு நேர்காணல் நூலிலேயே கூறியிருந்தார். சில பத்துப் பக்கங்களே கொண்ட அச்சிறு ஏடு இன்றும் எவர்க்கும் கிடைக்கிறது.