பெட்டியின் குரல்

அமெரிக்காவில் நியூயார்க் நகரிலே ஷே ஸ்டேடியம் என்று ஒரு விளையாட்டரங்கம் இருந்தது. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் மாலை, இங்கிலாந்திலிருந்து வந்த பீட்டில்ஸ் என்னும் நான்கு இளைஞர்களின் இசையைக் கேட்க 55,000க்கும் மேற்பட்டோர் அங்கே கூடினார்கள். 100 வாட் ஆற்றலுள்ள பெருக்கிகள் அவர்களுடைய வாத்தியங்களுக்கு இருந்தன. அந்நாளில் அது பெரிய ஆற்றல். பாட்டோ, பந்தாட்ட அறிவிப்புகளுக்காக அரங்கில் அமைத்திருந்த ஒலிபெருக்கிகளின் வழியே சென்றது. கூட்டத்தின் ஆரவாரத்திலே அவை யாவும் அமிழ்ந்து போயின. மேடையில் நின்றவர்களுக்கே தாம் வாசிப்பது சரிவரக் கேட்கவில்லை. கேட்க வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மாணவ நண்பர்களே, அந்த மாலைப்பொழுதின் தோல்வி நினைவூட்டும் ஒரு பொருளைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அது ஒரு மரப்பெட்டி; பேஸ் கிட்டார் என்னும் மந்தர ஸ்தாயி வாத்தியத்துக்கு உரிய ஒலிபெருக்கிப் பெட்டி. சில பெட்டிகள் ஆள் உயரம் நிற்கும். ஒன்றின் நாதம் மற்றொன்றின் நாதம் போல இராது. எது சிறந்தது என்று வாத்தியக்காரர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வருகிறார்கள். நானும் ஒருமுறை அந்த வாதத்தில் இறங்கித் தவறான தீர்ப்புச் சொன்னவன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வீணைக்குக் குடம் உண்டு. தம்பூராவுக்கும் குடம் உண்டு. கம்பி மட்டும் அதிர்ந்தால் ஒலி மெலிந்தே கேட்கும். குடமும் பலகையும் சேர்ந்து அதிரும்போதுதான் நாதம் பிறக்கிறது. மேல்நாட்டின் டபிள் பேஸ் என்ற பெரிய பிடிலுக்குப் பருத்த மரவயிறு இருப்பதும் இதனால்தான். 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் பேஸ் கிட்டாருக்கோ வயிறே இல்லை. அது ஒரு திண்மையான மரப்பலகை. கம்பியின் அசைவைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்னோட்டமாக மாற்றும். அந்த மின்னோட்டம் பெருக்கிக்குச் சென்று, அங்கிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும். ஆகவே இந்த வாத்தியத்தின் குடம் வாத்தியத்தில் இல்லை. பத்தடி தள்ளி, தனியாக நிற்கிறது. பெட்டியை மாற்றுவது வீணைக்குக் குடத்தை மாற்றுவது போன்றது.

ஒலிபெருக்கிக்குப் பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1925இல் ரைஸ், கெல்லாக் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் விவரித்த அமைப்பே இன்றும் வழங்குகிறது. காகிதக் கூம்பு ஒன்று, அதன் அடியில் ஒரு சுருள், சுற்றிலும் காந்தம். கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கத்துக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்பக்கத்துக் காற்று விரிகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் மந்தர ஒலி அழிந்துவிடும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம். இத்தனை நீண்ட அலைக்கு, கூம்பின் ஓரத்தைச் சுற்றிப் பின்னிருந்து முன்னே வருவது ஒரு பொருட்டே அன்று. அதைத் தடுப்பதற்கே பெட்டி.

தடுக்கும் வழிகள் மூன்று. முதலாவது, பின்புறத்தை முற்றும் மூடிவிடுவது. இரண்டாவது, ஒரு துளை விடுவது. வாய் குறுகிய புட்டியின் மேல் ஊதினால் ஓர் ஒலி எழுகிறதன்றோ? அதே விதியைக் கொண்டு, பின்புற ஒலியைத் திருப்பி முன்புற ஒலிக்குத் துணையாக்குவது அது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த தூராஸ் என்பவர் இதற்கு 1932இல் காப்புரிமை பெற்றார். மூன்றாவது, கூம்பின் முன் ஒரு கொம்பை வைப்பது. பழைய கிராமபோனின் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். மந்தர ஒலிக்கு அந்தப் புனல் மிக நீளமாக இருக்க வேண்டும். ஆதலால் அதைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைப்பார்கள்.

இம்மூன்றிலும் குறையற்றது எது? எதுவும் இல்லை. ஹாஃப்மன் என்ற ஒலிப்பொறியாளர், புகழ்பெற்ற பியானோ மேதை ஒருவரின் மகன், இதற்கு ஒரு விதி சொன்னார். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும். ஆழ்ந்த மந்தரம் வேண்டும். குறைந்த மின்னாற்றலில் மிகுந்த ஒலி வேண்டும். இம்மூன்று ஆசைகளில் இரண்டைத்தான் பெறலாம். மூன்றாவதை விட்டுவிட வேண்டும். பெட்டிகள் பெரியவையானதன் காரணம் முழுதும் இந்த விதியில் அடங்கியிருக்கிறது. ஆழமும் உரப்பும் வேண்டுமென்ற இளைஞர்கள் சிறுமையை விட்டுக்கொடுத்தார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1952இல் ஃபெண்டர் நிறுவனம் பேஸ்மேன் என்ற பெருக்கியை வெளியிட்டது. அதில் 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்றே இருந்தது. சில ஆண்டுகளில் அதை மாற்றி 10 அங்குலக் கூம்புகள் நான்கை வைத்தார்கள். பேஸ் வாசிப்பவர்களைக் காட்டிலும் மற்றக் கிட்டார்க்காரர்களே அதை விரும்பி வாங்கினார்கள் என்பது ஒரு வேடிக்கை. 1960இல் ஆம்பெக் நிறுவனத்தார் பி-15 என்ற சிறிய பெட்டியைக் கொணர்ந்தார்கள். டெட்ராய்ட் நகரத்து மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் இரவு விடுதிகளில் வாசிக்க இதனைப் பயன்படுத்தினார். உருண்டு திரண்ட, மென்மையான நாதம் அதனுடையது. சிறிய கூடத்துக்கு அது போதும். விளையாட்டரங்கத்துக்கு அது எம்மாத்திரம்?

லண்டன் நகரில் ஜிம் மார்ஷல் என்பவர் வாத்தியக்கடை வைத்திருந்தார். தி ஹூ என்ற குழுவைச் சேர்ந்த பீட் டவுன்ஷெண்ட், ஜான் என்ட்விசில் ஆகிய இளைஞர்கள் இன்னும் உரத்த ஒலி வேண்டுமென்று அவரிடம் ஓயாது கேட்டார்கள். 1965இல் 100 வாட் பெருக்கி பிறந்தது. 12 அங்குலக் கூம்புகள் எட்டை ஒரே பெட்டியில் வைத்துக் கட்டித் தருமாறு டவுன்ஷெண்ட் கேட்டார். மார்ஷலும் கட்டித் தந்தார். ஆனால் சுமப்பவர்களால் அதைத் தூக்க முடியவில்லை. ஆகவே அதை இரண்டாகப் பிரித்து, நான்கு கூம்புப் பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பின்னாளில் ராக் இசை மேடைகளின் அடையாளமாகிவிட்ட அந்த அடுக்கு, கூலியாட்களின் முதுகுவலியிலிருந்து தோன்றியது!

அடுத்து, 1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் அக்கவுஸ்டிக் நிறுவனம் 360 என்ற அமைப்பைச் செய்தது. அதில் 18 அங்குலக் கூம்பு ஒன்று, மடித்த கொம்பினுள் பின்னோக்கிப் பார்த்தபடி அமர்ந்திருந்தது. லெட் செப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸும், பின்னர் ஜாக்கோ பாஸ்டோரியஸும் அதை வாசித்துப் புகழ்பெறச் செய்தார்கள். 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் பெருக்கியைக் கொணர்ந்தது. அதனுடன் 10 அங்குலக் கூம்புகள் எட்டுக் கொண்ட மூடிய பெட்டியும் வந்தது. அவ்வாண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் இதன் முன்மாதிரிகளை மேடையேற்றினார்கள். உருவத்தைப் பார்த்து, வாத்தியக்காரர்கள் அதைக் 'குளிர்ப்பெட்டி' என்று அழைத்தார்கள்.

ஒரு செய்தியைக் கவனியுங்கள். பெட்டியின் அளவையும் துளையையும் கூம்பின் இயல்புக்கேற்பக் கணக்கிட்டுச் சொல்லும் முறையை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலேயே எழுதிவிட்டார். உலகம் அதை 1970களில்தான், ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் அதை விரிவாக்கிய பின், நன்கு அறிந்தது. ஆகவே நான் சொன்ன பெட்டிகளை அமைத்தவர்கள் அந்தக் கணக்கின் துணையின்றி, அனுபவத்தையும் செவியையும் நம்பிச் செய்தார்கள்.

இவற்றின் நாதம் எவ்வாறு வேறுபடுகிறது? பௌதிகப் பாடத்தில் சுருதி, உரப்பு, பண்பு என்று ஒலியின் மூன்று குணங்களைப் படித்திருப்பீர்கள். சுருதியைக் கம்பி தீர்மானிக்கிறது. பெட்டி பண்பைத் தீர்மானிக்கிறது. எட்டுக் கூம்புப் பெட்டியின் மந்தரம் உண்மையில் அத்தனை ஆழமானதன்று. ஏறக்குறைய 60 அதிர்வுகளுக்குக் கீழே அது தளரத் தொடங்கிவிடும். அப்படியானால் 41 அதிர்வுள்ள கம்பி எவ்வாறு கேட்கிறது? அடிப்படைச் சுரத்தோடு 82, 123 என்று மேற்சுரங்கள் பல எழுகின்றன. அவற்றைக் கேட்ட நமது மூளை, விட்டுப்போன அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இந்தப் பெட்டி அந்த மேற்சுரங்களைத் திடமாகவும் விரைவாகவும் தருகிறது. எட்டுக் கூம்புகளின் பரப்பைக் கூட்டினால் 18 அங்குலக் கூம்பு ஒன்றின் பரப்பைப் போல் இரண்டரை மடங்கு வரும். மேல்வரிசைக் கூம்புகள் வாசிப்பவரின் செவிக்கு அருகில் இருப்பதும் அவருக்கு நன்மை. 12 அங்குல அடுக்கிலோ நடுச்சுரங்கள் உறுமும். என்ட்விசிலின் கூரிய, சற்றே கீறலான நாதத்துக்கு அது பொருந்தியது. கொம்புப் பெட்டியின் ஒலி அருகில் நிற்பவருக்கு அடங்கியே தோன்றும். தொலைவில்தான் அதன் முழு உருவம் விரியும்.

இந்த இடத்தில்தான் என் தவறு நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வாத்தியக்கார நண்பர் ஒருவர் ஓர் அரங்கில் எட்டுக் கூம்புப் பெட்டியையும் பழைய கொம்புப் பெட்டியையும் அருகருகே வைத்து வாசித்துக் காட்டினார். இரண்டிலொன்றை விற்றுத்தான் அவர் தம் மகளின் கல்லூரிச் சம்பளத்தைக் கட்ட வேண்டியிருந்தது. "எதை விற்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். நான் பத்தடி தூரத்தில் நின்று கேட்டேன். எட்டுக் கூம்புப் பெட்டியிலேயே உயிர் இருக்கிறது என்று தோன்றியது. "கொம்பை விற்றுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அரங்கத்தின் ஒலியமைப்பைக் கவனித்து வந்த முதியவர் ஒருவர் மூலையில் அமர்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து, "ஐயா, ஒலியளவைச் சமமாக்கினீர்களா?" என்று கேட்டார். நான் விழித்தேன். அவர் ஓர் அளவுக்கருவியை எடுத்துக் காட்டினார். நான் நின்ற இடத்தில் எட்டுக் கூம்புப் பெட்டி சில டெசிபல் மிகுதியாக ஒலித்திருந்தது. மெல்லிய ஒலியில் மந்தரத்தை நம் செவி சரிவர உணர்வதில்லை என்று 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற அறிஞர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். உரத்து ஒலிக்கும் பெட்டியே ஆழமாகவும் நிறைவாகவும் தோன்றும். நான் பாராட்டியது நாதத்தையன்று, உரப்பை!

பிறகு அவர் இரண்டையும் சமமாக்கி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, என்னைக் கடைசி வரிசைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கொம்பின் ஒலி நிமிர்ந்து நின்றது. மற்றொன்று சற்றே மெலிந்திருந்தது. மீண்டும் மேடையருகே வந்தபோது எட்டுக் கூம்பின் தெளிவு மேலோங்கியது. என் தீர்ப்பு, நான் நின்ற இடத்தின் தீர்ப்பே ஒழியப் பெட்டியின் தீர்ப்பன்று. வெட்கத்தோடு நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். "நீங்கள் பெரும்பாலும் எங்கே வாசிக்கிறீர்கள்?" என்று முதியவர் அவரைக் கேட்டார். "பெரிய கூடங்களில்" என்றார் நண்பர். அவர் கொம்பை வைத்துக்கொண்டு மற்றதை விற்றார். இரண்டு கேள்விகளில் அந்த முதியவர் செய்த காரியத்தை, என் ஒருமணி நேரச் செவிச்சோதனை செய்யவில்லை.

இந்த வரலாற்றுக்கு ஒரு துயரப் பக்கமும் உண்டு. உரப்புக்கு எல்லை இல்லாமற் போயிற்று. 1974இல் கிரேட்ஃபுல் டெட் என்ற குழுவினர் நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளைச் சுவர் போல அடுக்கினார்கள். சுமையும் செலவும் தாங்காமல் அதே ஆண்டில் அதைக் கைவிட்டார்கள். 1976ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் லண்டனில் தி ஹூ குழுவினர் வாசித்தபோது, 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் பதிவாயிற்று. கின்னஸ் புத்தகம் அதை உலக சாதனையாக வெளியிட்டது. பின்னர் செவிகளுக்குத் தீங்கு என்று அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டது. இன்னும் உரத்த ஒலி கேட்டு மார்ஷலின் கடைக்குச் சென்ற டவுன்ஷெண்ட், தம் செவிப்புலன் கெட்டதையும் காதிலே ஓயாமல் இரைச்சல் ஒலிப்பதையும் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். ஒலி கேட்கவில்லை என்று ஓடிய ஓட்டம், கேட்கும் சக்தியையே காவு கொண்டது.

காலப்போக்கில் அரங்கங்களின் பொது ஒலியமைப்புகள் திருந்தின. வாத்தியத்தின் மின்னோட்டத்தை நேரே அவற்றுக்கு அனுப்பலாம் என்றானபின், ஆள் உயரப் பெட்டிக்கு அவசியம் குறைந்தது. 1980களில் வந்த நியோடிமியம் காந்தம் ஒலிபெருக்கியின் பாரத்தைக் குறைத்தது. ஆயினும் குளிர்ப்பெட்டி இன்றும் பல மேடைகளில் நிற்கிறது. முதுகிலே காற்று மோத, காலடிப் பலகை அதிர வாசிக்கும் இன்பத்தை விட வாத்தியக்காரருக்கு மனம் வருவதில்லை.

நண்பர்களே, ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது கல்வியின் பெரும்பகுதி. நூல்களை ஒப்பிடுவீர்கள்; தலைவர்களை ஒப்பிடுவீர்கள்; நாடுகளை ஒப்பிடுவீர்கள். அப்போதெல்லாம் அந்த முதியவர் என்னைக் கேட்ட கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒலியளவைச் சமமாக்கினீர்களா? அதன்பின் எழுந்து, கடைசி வரிசைக்கும் ஒருமுறை நடந்துபோய்க் கேளுங்கள்.