ஜேம்ஸ் வாட்டின் பட்டறை

நீராவி யந்திரத்தின் சரித்திரத்தில் நம்மவர் பலருக்கும் நினைவில் நிற்பது, கொதிக்கும் கெண்டியின் மூடி துள்ளுவதைக் கண்டு ஒரு சிறுவன் சிந்தனையில் ஆழ்ந்தான் என்ற கதை ஒன்றே. ஆனால் அச்சிறுவன் பிறப்பதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1712-ல், நியூகோமன் அமைத்த யந்திரம் இங்கிலாந்தின் சுரங்கமொன்றில் நீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. ஆவிக்கு வலிமை உண்டென்பதை ஜேம்ஸ் வாட் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கண்டது வேறு, அதைக் காணும் தகுதியைத் தந்தது அடுப்பங்கரையன்று, பட்டறையே.

ஸ்காட்லாந்தில் கிளைடு நதிமுகத்திலுள்ள கிரீனக் என்ற துறைமுக ஊரில், 1736-ஆம் ஆண்டு ஜனவரி 19-ல் வாட் பிறந்தார். தலைவலியால் ஓயாது வருந்திய நோஞ்சான் பிள்ளையாதலால், தாயே அவருக்கு வீட்டில் எழுத்தறிவித்தாள். கப்பல் தச்சரும் வியாபாரியுமான தந்தையோ, மாலுமிகளின் கருவிகளைப் பழுதுபார்க்கும் தம் தொழிற்கூடத்தில் மகனுக்கெனச் சிறு ஆயுதங்களையும் கொடுத்து வைத்தார். தாய் இறந்து, தந்தையின் வியாபாரமும் நொடித்தபோது, கணிதக் கருவிகள் செய்யும் தொழிலே தமக்குரியதென்று துணிந்து, 1755-ல் அவ்வாலிபர் லண்டனுக்குப் புறப்பட்டார்.

ஏழாண்டுகள் குருவின் பட்டறையில் ஊழியம் செய்தே தொழில் பயில வேண்டுமென்பது அந்நாளைய சம்பிரதாயம். வாட்டிடம் அத்தனை காலமும் இல்லை, பணமும் இல்லை. ஜான் மார்கன் என்ற கருவி வினைஞர் இருபது கினி பெற்றுக்கொண்டு ஓராண்டு கற்பிக்க இசைந்தார். வாலிபரைப் பிடித்துக் கடற்படைக்கு இழுத்துச் செல்லும் ஆட்களுக்கு அஞ்சித் தெருவில் நடமாடாமலும், செலவைக் குறைக்க அரைவயிறு உண்டும், ஏழாண்டுக் கல்வியை ஓராண்டில் முடித்து, உடல் நலிந்து அவர் ஊர் திரும்பினார்.

கிளாஸ்கோ நகரில் கடை வைக்க முயன்றபோதோ, முறைப்படி பயிலாதவர் என்று கம்மியர் சங்கம் தடுத்ததாகச் சொல்லுவர். சங்கத்தின் அதிகாரம் செல்லாத சர்வகலாசாலையின் மதிலுக்குள் 1757-ல் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. கதவடைத்த சங்கத்தைவிட அறை தந்த அப்பண்டிதர்களையே நான் நன்றியுடன் நினைக்கிறேன். ஏனெனில் உஷ்ண சாஸ்திரத்தில் பேரறிஞரான ஜோசப் பிளாக்கும், ஜான் ராபிசன் என்ற மாணவரும் அப்பட்டறைக்கு வந்து அளவளாவியதால், கைத்தொழிலாளி ஒருவருக்கு அபூர்வமான கல்வி அங்கே வாய்த்தது.

1763-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வகுப்பறையில் காட்டுவதற்கென வைத்திருந்த நியூகோமன் யந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க அவரிடம் வந்தது. செப்பனிட்ட பின்னும் அது சில வீச்சுகளில் ஆவி தீர்ந்து நின்றுவிட்டது. வேறொருவராயின் அத்தோடு திருப்பிக் கொடுத்திருப்பார். வாட் ஆவியை அளக்கத் தொடங்கினார். உருளைக்குள் ஆவியைப் புகுத்தி, உடனே அதனுள் குளிர்ந்த நீரைத் தெளித்து ஆவியை நீராக்கி, மறுபடியும் ஆவியைப் புகுத்துவது, ஒவ்வொரு தோசைக்கும் கல்லை ஆறவிட்டுக் காயவைப்பது போன்ற வியர்த்தம் என்பதும், ஆவியில் பெரும்பகுதி குளிர்ந்த உருளையைச் சூடாக்குவதிலேயே அழிகிறது என்பதும் அவருக்குப் புலனாயின.

1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவின் பசும்புல் வெளியில் உலாவுகையில், உருளையை எப்போதும் சூடாகவே வைத்து, ஆவியைத் தனியே வேறொரு கலத்தில் குளிர்விக்கலாம் என்ற யோசனை உதித்தது. கருத்து ஒரு நாளில் பிறந்துவிட்டது. அதற்கு உருக்கொடுப்பதுதான் நெடுங்காலம் பிடித்தது. 1769-ல் காப்புரிமை கிடைத்த பின்னும், ஆவி கசியாதபடி பெரிய இரும்பு உருளையைச் சீராகக் கடைந்து தருவார் இல்லை. குடும்பத்தைக் காப்பாற்ற வாட் கால்வாய்களுக்கு நிலமளக்கும் வேலைக்குப் போனார். பீரங்கிக் குழல்களைத் துளைக்க ஜான் வில்கின்சன் வகுத்த புதிய முறையால் நேரான உருளைகள் கிடைத்த பிறகே, பர்மிங்ஹாம் நகரத்து மாத்யூ போல்டனின் கூட்டுறவோடு, 1776-ல் வாட்டின் பெரிய யந்திரங்கள் வேலை செய்யத் தொடங்கின.