காற்றும் கரியும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்றொரு மீனவர் ஊர் உண்டு. அந்தப் பக்கத்தில் 1613-ல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய துணிமூட்டைகள் ஜாவா போய்ச் சேர்ந்தது காற்றின் தயவில்தான். பிறகு வந்த பக்கிங்ஹாம் கால்வாயிலும் பாயும் கழியும் கயிறுமே படகை நகர்த்தின. சென்னை அடுப்புகளுக்கு விறகு போயிற்று.

அதே கால்வாயோரம் 1994 முதல் வடசென்னை அனல் மின் நிலையம் நிலக்கரியை எரித்து வருகிறது. நிலக்கரியில் பிறந்த மின்சாரத்தில் நான் ஒரு யூனிட் செலவழித்தால், ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு வானத்தில் சேருகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் அது 1958-ல் 315 பங்கு. இன்றோ 420-க்கும் மேல். கடல் ஏறி வந்தால் ஆபத்து யாருக்கு? அதிகம் எரித்த எனக்கல்ல, தாழ்ந்த கரையில் குடியிருக்கும் அந்த மீனவருக்கு.

அவர்களிடம் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. இன்ன இடத்தில் இன்று இன்னார் வலை கட்டலாம். நாளை மற்றவர் முறை. ஏரி பெரிதானாலும் மீனுக்கு அளவுண்டு என்று அறிந்தவர்கள் போட்ட கணக்கு அது. வானத்துக்கும் அளவுண்டு அல்லவா? குளிர்சாதனத்தை 24 டிகிரியில் நிறுத்துவதும், காரை விட்டுப் பஸ்ஸில் ஏறுவதும் அற்ப காரியங்களாகத் தோன்றலாம். என் முறை முடிந்தது என்று வலையைச் சுருட்டுவதும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஏரி பிழைத்திருப்பது அதனால்தான்.