லாக் இன்: ஒரு வினைத்தொடரின் வரலாறு

லாக் இன் என்பது கணினி அமைப்பு ஒன்றினுள் பயனர் தம்மை அடையாளப்படுத்தி நுழைவதைக் குறிக்கும் ஆங்கில வினைத்தொடர் ஆகும். லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல்களில், முடிச்சுகள் இட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிவர். மணல் கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணி வேகத்தைக் கணிப்பர். அக்கணக்கை எழுதிய ஏடு லாக் புக் எனப்பட்டது. நாளடைவில் லாக் என்பதே பதிவு செய்தலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவும் வழங்கியது.

1961 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை இயக்கிக் காட்டினர். அதில் நுழைவதற்கான கட்டளை, இடைவெளி இல்லாத லாகின். 1969 அக்டோபர் 29 அன்று ஆர்ப்பாநெட் வலையமைப்பில் அனுப்ப முயன்ற முதற் செய்தியும் இச்சொல்லே. முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் கணினி செயலிழந்தது.

இன்று எழுத்தில் இவ்விரு வடிவங்களும் கலந்து வருகின்றன. செயலைக் குறிக்கும்போது லாக் இன் என இரு சொற்களாகவும், பெயராகவோ பெயரடையாகவோ வரும்போது லாகின் என ஒரே சொல்லாகவும் எழுதுவதே முறை. இறந்தகாலத்தை நோக்கினால் காரணம் விளங்கும்: லாக்டு இன் என முதற்சொல் மட்டுமே திரிகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கும் புகுபதிகை என்ற சொல்லில் நுழைதல், பதிதல் ஆகிய இரு பொருள்களும் அடங்கியுள்ளன.