அறிவியல் புனைகதை வாசகர் மடல்களும் சொல் வரலாறும்

முன்னுரை

ஒரு சொல் எப்போது, எவரால் முதன்முதல் ஆளப்பட்டது என்பதை அறியப் பெரும்பாலும் படைப்புகளையும் அறிஞர் நூல்களையுமே நாடுகிறோம். படிப்போர் தமக்குள் எழுதிக்கொண்ட மடல்களை நாடுவது அரிது. இவ்வழக்கம் போதுமானதன்று என்பதற்கு அமெரிக்க அறிவியல் புனைகதையின் வரலாறு சான்றாகிறது. அத்துறைச் சொற்களுள் பல, தாம் படித்துவந்த கதைகளைப் பற்றி வாசகர்கள் ஒருவர்க்கொருவர் எழுதிய தாள்களில் தோன்றியவை. அவை அகராதியை அடைந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடிதப் பகுதியும் முகவரியும்

லக்சம்பர்க்கில் பிறந்து 1904இல் அமெரிக்காவில் குடியேறிய ஹியூகோ கெர்ன்ஸ்பாக், 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் இதழ் இதுவாகும். 1927 ஜனவரியில் இதில் 'டிஸ்கஷன்ஸ்' என்னும் கடிதப் பகுதி தொடங்கியது. எழுதியவரின் பெயரோடு முகவரியும் அதில் அச்சிடப்பட்டது. இதனால் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் பிற வாசகர்க்கு விடுத்த அழைப்பாகவும் அமைந்தது. வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே படித்துவந்தோர், இன்ன கதையைப் படித்தேன், இன்னது நன்று, இன்னது அறிவியலுக்குப் பொருந்தாது என நேரடியாக எழுதிக்கொள்ளத் தலைப்பட்டனர்.

கெர்ன்ஸ்பாக் இக்கதைவகைக்குச் 'சயன்டிஃபிக்ஷன்' என்று பெயரிட்டிருந்தார். 1929இல் அவ்விதழ் அவர் கையைவிட்டுப் போனது. அவ்வாண்டே அவர் தொடங்கிய புதிய இதழில் 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்னும் தொடரை ஆண்டார், அதுவே நிலைபெற்றது. இத்தொடரை வில்லியம் வில்சன் என்பார் 1851இலேயே இங்கிலாந்தில் எழுதியுள்ளார். ஆயினும் அதை எடுத்து வழங்குவோர் கூட்டம் அன்று இல்லாமையால் அது தொடர்ச்சி பெறவில்லை. ஒரு சொல்லை ஆக்குவது வேறு, அதை வழக்கில் நிறுத்துவது வேறு என்பது இதனாற் புலனாகும்.

வாசகர் இதழ்களும் சொல்லாக்கமும்

மடல் வழி அறிமுகமானோர் விரைவில் தாமே இதழ் நடத்தினர். 1930 மே மாதம் சிகாகோவிலிருந்து வெளிவந்த 'தி காமெட்' இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. பின்வந்தவை பல தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைல் முறையில் படியெடுக்கப்பட்டவை. 1937இல் டொனால்ட் வோல்ஹைம் தொடங்கிய அமைப்பில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தாள்களை அச்சிட்டு அனுப்புவர். அவை ஒரே கட்டாக்கப்பட்டு அனைவர்க்கும் அஞ்சலில் செல்லும். அடுத்த கட்டில் முந்தைய கட்டின் கருத்துகளுக்கு மறுமொழி இடம்பெறும்.

இத்தகைய இதழ்களுக்கு 'ஃபான்சீன்' என்னும் பெயரை 1940இல் ஆக்கியவர் ரஸ்ஸல் ஷோவனே. இவர் செவிப்புலன் அற்றவர். ரசிகரைக் குறிக்கும் சொல்லும் இதழைக் குறிக்கும் சொல்லின் ஈறும் இணைந்த ஒட்டுச்சொல் இது. 1941இல் வில்சன் டக்கர் தம் வாசகர் இதழில், சலிப்பூட்டும் விண்கலக் கதைகளை இகழ்ந்து 'ஸ்பேஸ் ஆப்பரா' என்றார். இன்று அதே தொடர் இகழ்ச்சி நீங்கி ஒரு கதைவகையின் பெயராக வழங்குகிறது. 'காஃபியா' என்னும் முதலெழுத்துச் சொல் இன்னும் நோக்கத்தக்கது. உலகியல் தொல்லைகளிலிருந்து விலகி இவ்வாசகர் வட்டத்துள் புகுவதை முதலில் குறித்த இது, பின்னர் அவ்வட்டத்தையே விட்டு விலகுவதைக் குறித்தது. பொருள் முற்றிலும் எதிர்மாறாயிற்று. இச்சொற்களைத் தொகுத்து ஜாக் ஸ்பியர் 1944இல் 'ஃபான்சைக்ளோபீடியா'வை வெளியிட்டார். அறிஞர் கவனிக்குமுன் வாசகரே தமக்கு அகராதி செய்துகொண்டனர்.

அகராதிக்கு வந்த வழி

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2001இல் அறிவியல் புனைகதைச் சொற்களுக்கு மேற்கோள் திரட்டும் முயற்சியைத் தொடங்கியது. மலிவுத்தாள் இதழ்களையும் வாசகர் இதழ்களையும் பொதுவாக நூலகங்கள் திரட்டிவைக்கவில்லை. எனவே தம் வீட்டுத் தொகுப்புகளைக் கொண்டு தேடித்தர வாசகரின் துணை வேண்டப்பட்டது. அதன் பயனாக ஜெஃப் பிரூச்சர் தொகுத்த 'பிரேவ் நியூ வேர்ட்ஸ்' 2007இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. கெர்ன்ஸ்பாக்கின் பெயரால் வாசகர் வாக்களித்து வழங்கும் ஹியூகோ விருதை அது 2008இல் பெற்றது. ஜெஸ்ஸி ஷைட்லோவரின் இணையவழி வரலாற்றகராதி 2021இல் வெளிவந்தது.

இவ்வாய்ப்பு நெடுநாள் நில்லாது. மரக்கூழ்த் தாள் பழுத்து நொறுங்குகிறது. படியெடுக்கப் பயன்பட்ட ஊதா மை ஒளிபட்டு மங்குகிறது. அயோவா பல்கலைக்கழகம் ரஸ்டி ஹெவெலின் என்னும் வாசகரின் சேமிப்பைப் பெற்று மின்வடிவாக்கியது இது கருதியே எனலாம்.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

இவ்வரலாறு மொழிபெயர்ப்பிற்கும் துணை செய்கிறது. 'ஃபான்சீன்' என்பதைச் 'சிற்றிதழ்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. தமிழில் சிற்றிதழ் வணிக இதழுக்கு மாற்றாக நின்றது. ஃபான்சீனோ வணிக இதழ்மீது கொண்ட ஈடுபாட்டிற் பிறந்தது. 'ரசிகர் இதழ்' என்பது திரைப்படத்தை நினைவூட்டும். மடல் பரிமாற்றம் விளங்க 'வாசகர் மடலிதழ்' எனலாம். 'ஸ்பேஸ் ஆப்பரா'வை 'விண்வெளி இசைநாடகம்' என்பது பிழையாகும். சோப்பு நிறுவனங்கள் பொருளுதவிய வானொலித் தொடர்நாடகங்களுக்கு வழங்கிய ஏளனப் பெயரின் சாயல் இது. இசைக்கு இங்கு இடமில்லை. 1941ஆம் ஆண்டுப் பொருளில் 'விண்வெளிக் கூத்து' ஏற்கும்; 'கூத்து' பேச்சுவழக்கில் கேலிப்பொருளும் தருவது. இன்றைய பொருளில் வருமிடத்து வேறு சொல் வேண்டும்.

முடிவுரை

தமிழிலும் 'விஞ்ஞானக் கதை', 'அறிவியல் கதை', 'அறிவியல் புனைகதை' என மூன்று வழக்குகள் உள்ளன. இவற்றுள் முந்தியது எது, பிந்தியது எது என வரையறுக்க முனைவோர் கதைகளோடும் முன்னுரைகளோடும் நின்றுவிடலாகாது. இதழ்களின் வாசகர் கடிதப் பக்கங்களும் சொல் வரலாற்றுக்குரிய மூலங்களே. அவற்றையும் தொகுத்துப் பேணுதல் அகராதித் துறையின் கடமைகளுள் ஒன்றாகும்.